மக்காச்சோளக் கஞ்சி: டர்பன் தமிழ் வீடுகளின் காலைச் சாப்பாடு. உங்கள் வீட்டில் எப்படி?

கடலோரக்காரி (டர்பன்)

வணக்கம். கேழ்வரகு, கம்பு, சாமைக்கெல்லாம் இந்தக் களத்தில் நீள நீளமாக இழைகள் ஓடியிருக்கின்றன. மக்காச்சோளக் கஞ்சிக்கு ஒன்றுகூட இல்லை. அதனால் நானே தொடங்குகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் தருமபுரி பக்கம். புகுந்த வீடு தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த். இந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் காலையில் அடுப்பேறுவது வெள்ளை மக்காச்சோள மாவில் காய்ச்சும் கஞ்சி. கடையில் 'மீலி மீல்' என்று கேட்டால் பையோடு எடுத்துத் தருவார்கள்.

எப்படி வந்தது என்று கேட்பீர்கள். சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று இங்கே வந்து சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை 1,52,184 பேரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்குக் கொண்டுவந்தார்கள். பெரும்பாலானோர் போனது கரும்புத் தோட்டத்துக்கு. ஒப்பந்தத்தில் அரிசி, பருப்பு, கருவாடு, உப்பு, நெய் என்று படி எழுதியிருந்தார்கள். ஆனால் அரிசி கடல் தாண்டி வரவேண்டும், மக்காச்சோளம் பக்கத்துக் காட்டிலேயே விளையும். அரிசி இல்லாத இடத்தில் மக்காச்சோள மாவை அளந்து போட்டார்கள். அதை எப்படிச் சமைப்பது என்பது இங்கிருந்த ஜூலு மக்களுக்குக் கைவந்த கலை. அவர்களிடம் பார்த்துக் கற்றதும், நம் ஆட்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த கூழ்ப் பழக்கமும் ஒரே சட்டியில் சேர்ந்துவிட்டன. குருணையாக உடைத்த மக்காச்சோளத்தைச் சோறு மாதிரி வடித்து, அதில் பருப்பு ஊற்றிச் சாப்பிட்டுப் பிள்ளைகளை ஆளாக்கிய பாட்டிமார் கதை இங்கே வீட்டுக்கு வீடு உண்டு.

தினப்படிக் கஞ்சி எங்கள் வீட்டில் இப்படித்தான்:

ஒரு கப் மாவு. அதை முதலில் ஒரு கப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ள வேண்டும். அடிகனமான பாத்திரத்தில் நாலு கப் தண்ணீர், அரைக் கரண்டி உப்பு. தளதளவென்று கொதிக்கும்போது கரைசலை ஊற்றிக்கொண்டே கிளறணும். இரண்டு நிமிடத்தில் இறுகிவிடும். அப்போது இறக்கிவிடக் கூடாது! தீயை நன்றாகக் குறைத்து, மூடி போட்டு, குறைந்தது 25 நிமிடம் விடணும். நடுநடுவே கிளறல். கொப்புளம் வெடித்துக் கையில் தெறித்தால் பொத்துவிடும், நீளக் காம்புள்ள மரக்கரண்டி வேண்டும். பச்சை வாடை முழுக்கப் போய், பாப்கார்ன் பொரியும்போது வருமே அந்த வாசனை லேசாக எழும்பினால் வெந்துவிட்டது. கிண்ணத்தில் ஊற்றி, மேலே ஒரு துண்டு வெண்ணெய், சூடான பால், சர்க்கரை. என் மாமனாருக்குச் சர்க்கரை கூடாது, உப்பும் வெண்ணெயும் மட்டும்.

புளிக்கவைத்த கூழ் இன்னொரு வகை. அதைப் பிறகு எழுதுகிறேன். உங்கள் ஊரில், உங்கள் வீட்டில் மக்காச்சோளத்தைக் காலையில் எப்படிச் சாப்பிடுகிறீர்கள்?

நொய்யல்

அருமை அக்கா. இன்றைக்கே செய்யலாம் என்று கடைக்குப் போனேன். 'கார்ன் ஃப்ளவர்' என்று ஒரு வெள்ளைப் பொட்டலம், 'மக்கா ஆட்டா' என்று மஞ்சளாக ஒன்று. எது வாங்கணும்? வெள்ளைதானே நீங்கள் சொன்னது?

கடலோரக்காரி

அந்த வெள்ளைப் பொட்டலத்தை வாங்காதீர்கள் தம்பி! இந்தியாவில் கார்ன் ஃப்ளவர் என்று விற்பது மக்காச்சோளத்தின் மாச்சத்தை மட்டும் பிரித்தெடுத்த பொடி, சூப்பைக் கெட்டியாக்கப் போடுவது. அதில் கஞ்சி காய்ச்சினால் பசைதான் கிடைக்கும். மஞ்சள் மக்கா மாவு சரி. அதைவிட நல்லது, முழு மக்காச்சோளம் வாங்கிக் காயவைத்து, மாவு மில்லில் ரவைப் பதத்துக்கு உடைத்துத் தரச்சொல்வது. மைய அரைத்தால் கொழகொழப்பு வந்துவிடும். தென்னாப்பிரிக்காவில் மனிதர் சாப்பிட வெள்ளை, கால்நடைக்கு மஞ்சள் என்று பழகிவிட்டது. மஞ்சளில் காய்ச்சினாலும் நன்றாகவே இருக்கும், இனிப்பு ஒரு பொட்டு கூடுதல்.

பாலாற்றங்கரை

அம்மா, நான் வேலூர்ப் பக்கம், வயது எழுபதைத் தாண்டியவன். எங்கள் தலைமுறைக்கு மக்காச்சோளம் என்றால் நினைவுக்கு வருவது பள்ளிக்கூடம்தான். காமராசர் காலத்து மதிய உணவில், அமெரிக்காவிலிருந்து வந்த மஞ்சள் ரவையில் உப்புமா கிண்டிப் போடுவார்கள். 'கேர்' என்ற தொண்டு நிறுவனம் கொடுத்தது. மூட்டையில் இரண்டு கை குலுக்குவது போல் படம் போட்டிருக்கும். கையில் பால்பவுடர் தம்ளரோடு வரிசையில் நிற்போம். பசிக்கு அது தேவாமிர்தம். வீட்டில் யாரும் அதைச் சமைத்ததில்லை.

ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதைக்கூட அங்கே மக்காச்சோளத்தில்தான் செய்கிறார்கள் என்று படித்தேன். எங்கள் பக்கம் கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து, நொய் போட்டுக் காய்ச்சுவதுதான் கூழ். முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் தொட்டுக்கொள்ள. தானியத்தை மாற்றினால் அது ஆடிக்கூழ் ஆகுமா?

கடலோரக்காரி

ஐயா, தப்பே இல்லை. வந்த புதிதில் இதையே நானும் மாமியாரிடம் கேட்டேன்.

இங்கே ஆடியில் மாரியம்மன் கூழ் ஊற்றுவதை இவர்கள் ஆங்கிலத்தில் 'பாரிஜ் பிரேயர்' என்றே சொல்கிறார்கள். வீட்டிலும் செய்வார்கள், கோயிலிலும் செய்வார்கள். புளித்த மீலி மாவுக் கூழில் கட்டியான புளிப்புப் பால் சேர்த்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் அரிந்து போட்டு, அண்டாவில் கரைத்து வருகிறவர்களுக்கெல்லாம் ஊற்றுகிறார்கள். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத குடும்பங்கள் ஏராளம் ஐயா. வீட்டுக்குள் பேச்சு முழுக்க ஆங்கிலமாகிவிட்டது. ஆனால் ஆடி பிறந்தால் கூழ் ஊற்றணும் என்பதை ஒருவரும் விடவில்லை. கரும்புக் காட்டுக் கொட்டடியில் கேழ்வரகுக்கு எங்கே போவார்கள்? படியாக வந்த மாவில், அன்றைக்குக் கைக்குக் கிடைத்த தானியத்தில், அம்மனுக்குக் காய்ச்சினார்கள். அதை ஆடிக்கூழ் இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வராது.

நம் ஊரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தருமபுரியில் கேழ்வரகு. தெற்கே போனால் கம்பில் ஊற்றுகிற ஊர்கள் இருக்கின்றன. அந்தந்த மண்ணில் விளைந்ததுதானே அம்மனுக்கு?

பாலாற்றங்கரை

கொட்டடியில் இருந்தவர்கள் செய்ததை நான் குறை சொல்லவில்லை அம்மா, அவர்களைக் கையெடுத்துக் கும்பிடணும். ஆனால் இன்றைக்குக் கேழ்வரகு கிடைக்கிற இடத்தில் இருக்கிறவன் கேழ்வரகில்தான் ஊற்றணும் என்பது என் கட்சி. அதில் மாற்றமில்லை. காலைக் கஞ்சிக்கு வேண்டுமானால் மக்காச்சோளத்தை முயன்று பார்க்கிறேன்.

மானாவாரி

பெரம்பலூர் மாவட்டம், மக்காச்சோள விவசாயி. இந்த இழையைப் பார்த்ததில் ரொம்ப சந்தோஷம். எங்கள் மாவட்டமே மக்காச்சோளக் காடுதான், ஆனால் எங்கள் வீட்டு உலையில் அது ஏறியதே கிடையாது. அறுத்துக் காயவைத்து மூட்டை பிடித்தால் லாரி நாமக்கல் கோழித் தீவனத்துக்குப் போய்விடும். பச்சைக் கதிரைச் சுட்டுத் தின்பதோடு சரி. 2018இல் படைப்புழு வந்து காட்டையே சூறையாடியது. அந்த வருசம் அது தவிர வேறு பேச்சே இல்லை. இதைச் சாப்பாடாக நினைக்க எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சமையல் உங்களுக்குத் தெரியும். தானியத்தைப் பற்றி நான் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். மில்லில் உடைக்க வாங்குகிறவர்கள் விதைக்கடை மக்காச்சோளத்தைத் தொடவே கூடாது. மருந்து தடவி நிறம் ஏற்றியிருப்பார்கள், விஷம். களத்து மணியாக வாங்குங்கள். மணியைக் கடித்தால் 'டக்'கென்று உடையணும். நகம் இறங்கினால் ஈரம். கறுத்துப்போனது, பச்சைப் பூசணம் படிந்தது, மக்கிய வாடை அடிப்பது எதுவாக இருந்தாலும் கழித்துவிடணும். மழையில் நனைந்த கதிரை அம்பாரமாகக் குவித்து வைத்தால் பூசணம் பிடிக்கும், அதில்தான் அஃப்ளாடாக்சின் என்கிற நஞ்சு உண்டாவது. வேகவைத்தாலும் அது போகாது.

நைரோபித் தமிழன்

மானாவாரி அண்ணன் சொல்வதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் இருக்கிற கென்யாவில், 2004இல் கிழக்கு, மத்திய மாகாணங்களில் ஈரத்தோடு சேமித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு 125 பேர் இறந்துபோனார்கள். வீட்டுக்கு வீடு அதுதான் சாப்பாடு என்பதால் வந்த வினை. அதற்குப் பிறகு நான் வாங்குகிற மாவில் தர முத்திரை பார்க்காமல் எடுப்பதில்லை.

இங்கே காலையில் 'உஜி'. மக்காச்சோளமோ, கேழ்வரகோ, இரண்டும் கலந்தோ, தண்ணியாகக் காய்ச்சிக் குவளையில் ஊற்றிக் குடிப்பார்கள். எலுமிச்சை பிழிவார்கள், சில வீட்டில் மாவை முன்னாடியே புளிக்கவிடுவார்கள். ராத்திரிக்கு அதே மாவில் கெட்டியாக 'உகாலி'. நம் களிதான் அது, கையால் பிய்த்து, குழி பண்ணி, கீரையை அள்ளிச் சாப்பிடுவது. கேழ்வரகு கலந்த உஜி குடித்தால் எனக்கு எங்கள் ஆத்தா வீட்டுக் கூழ் குடித்த நிறைவு. வேலூர் ஐயாவுக்கு அந்தக் கலவை பிடிக்கும் என்று நினைக்கிறேன், பாதிக்குப் பாதி போடுங்கள்.

பத்தியம்

உணவியல் படித்து மருத்துவமனையில் வேலை செய்கிறேன். சத்து பற்றி யாரும் தொடவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாக.

மக்காச்சோளத்தில் நியாசின் என்கிற பி3 வைட்டமின் இருக்கிறது, ஆனால் பெரும்பகுதி நம் உடம்பு உறிஞ்ச முடியாதபடி கட்டுண்டு கிடக்கும். வேறு எதுவும் சேர்க்காமல் மாதக்கணக்கில் இதையே சாப்பிட்டால் பெலக்ரா வரும். தோல் வெடிப்பு, பேதி, மனக்குழப்பம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஏழைகளை அது கூட்டங்கூட்டமாகத் தாக்கியது. தொற்றுநோய் என்றே பலரும் நம்பினார்கள். ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர்தான், குறை சாப்பாட்டில் என்று காட்டினார். மக்காச்சோளத்தின் தாய்மண்ணான மெக்சிகோவில் இந்த நோய் பெரிதாகத் தலைகாட்டவில்லை. அங்கே மணியைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறப்போட்டுத்தான் அரைப்பார்கள், கட்டுண்ட நியாசின் அதில் விடுபடும்.

நாம் சுண்ணாம்பு தேடிப் போகவேண்டாம். பால், தயிர், பருப்பு, கடலை ஏதாவது ஒன்று கூட இருந்தால் போதும். பாலில் உள்ள டிரிப்டோஃபேன் என்ற புரதக் கூறிலிருந்து உடம்பே நியாசினைச் செய்துகொள்ளும். டர்பன் அக்கா சொன்ன கூழில் புளிப்புப் பால் சேர்வது ருசிக்காக மட்டும் இல்லை, அதுதான் அந்தச் சாப்பாட்டை முழுமையாக்குகிறது. தென்னாப்பிரிக்காவில் 2003 அக்டோபரிலிருந்து மக்காச்சோள மாவில் வைட்டமின்களும் இரும்பும் துத்தநாகமும் சேர்ப்பது சட்டப்படி கட்டாயம். நம் ஊர் மில்லில் உடைப்பதில் அது கிடையாது, ஆகவே கருப்புக் காப்பியோடு வெறும் கஞ்சி என்று நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரை நோய் இருப்பவர்கள் கிண்ணத்தைச் சின்னதாக்கி, கூட ஒரு கை சுண்டல் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: முளையோடு சேர்த்து உடைத்த மாவில் எண்ணெய் இருக்கும், வெளியே வைத்தால் சில வாரங்களில் கசந்துவிடும். குளிர்ப்பெட்டியில் வையுங்கள், அல்லது கொஞ்சமாக உடையுங்கள்.

வாவிக்கரை (மட்டக்களப்பு)

எல்லாருக்கும் வணக்கம். எங்கட பக்கம் சேனையில, அதாவது காடு வெட்டிப் பயிர் செய்யிற காணியில, சோளன் போடுவினம். மக்காச்சோளத்தைத்தான் நாங்கள் சோளன் எண்டு சொல்லுறது. அவிச்ச சோளன் கதிர் பின்னேரம் தேத்தண்ணியோட. ஆனா காலமைச் சாப்பாடு எண்டால் எனக்கு உடன ஞாபகம் வாறது திரிபோஷ. சோளமும் சோயாவும் சேர்ந்த மா. கிளினிக்கில பிள்ளைத்தாச்சிமாருக்கும் சின்னப்பிள்ளையளுக்கும் சும்மா குடுப்பினம். 1970களில தொடங்கின திட்டம். அம்மா அதுக்குள்ள தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு, கொஞ்சம் சுடுதண்ணி தெளிச்சு உருண்டை பிடிச்சுத் தருவா. தங்கச்சிக்கு வந்த பக்கெட்டை நாங்கள் எல்லாரும் சேர்ந்து முடிச்சுப் போடுவம்.

சோளன் மாவில கஞ்சியும் காய்ச்சுவம் அக்கா. நீங்கள் பால் விடுற இடத்தில நாங்கள் தேங்காய்ப் பால். முதல் பாலைக் கடைசியா விட்டு உடன இறக்கிப் போடவேணும், கொதிச்சால் திரிஞ்சு போகும். சீனிக்குப் பதிலா ஒரு கடி பனங்கட்டி. ஒருக்காச் செய்து பாருங்கோ, பிறகு விடமாட்டியள்.

நொய்யல்

செய்துவிட்டேன்! மில்லில் ரவையாக உடைத்து வாங்கினேன். ருசி நன்றாக இருந்தது, அப்பா இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டார். ஆனால் சின்னச் சின்ன மணி மணியாகப் பல்லில் நெருடியது. மாவு கரைசலை ஊற்றும்போது கட்டியும் விழுந்தது. 25 நிமிடம் வைத்தேன்.

கடலோரக்காரி

மில்லில் உடைத்தது பெரும்பாலும் ஒரே பதமாக இருக்காது தம்பி. ஒரு முறை சலித்து, மேலே நிற்கும் குருணையைத் தனியாக எடுத்துவையுங்கள், அது உப்புமாவுக்கு ஆகும். முழு மணி உடைத்த ரவைக்கு 25 நிமிடம் காணாது. இராத்திரியே தண்ணீரில் ஊறப்போட்டால் காலையில் 35 நிமிடத்தில் நன்றாகக் குழையும். தண்ணீரும் ஒரு கப் கூட வைக்கணும். கட்டி விழுவதற்குக் காரணம், கரைசலை அப்படியே ஊற்றியிருப்பீர்கள். மாவு அடியில் தங்கிவிடும், ஊற்றுவதற்கு முன் கையை விட்டு ஒரு கலக்குக் கலக்கி, ஒரு கையால் ஊற்ற, மறு கையால் கிளற வேண்டும். அப்படியும் கட்டி விழுந்தால் மத்தால் கடைந்துவிடுங்கள்.

கேட்டவர்களுக்காகப் புளித்த கூழ்:

இரண்டு கப் ரவைப்பத மாவு, நாலு கப் வெதுவெதுப்பான தண்ணீர். மண்சட்டியிலோ பீங்கானிலோ கரைத்து, துணியால் வேடு கட்டி, அடுப்படி மூலையில் வைக்கணும். போன முறைக் கரைசலில் ஒரு கரண்டி எடுத்து வைத்திருந்தால் அதைச் சேர்க்கலாம். வெயில் காலத்தில் ஒரு நாளில் நுரை கட்டும். டர்பன் குளிரில், அதாவது ஆடியில், இரண்டு நாளுக்குக் குறையாது. மோர் புளித்த வாடை வரணும். நாற்றமோ, மேலே நிறம் மாறிய படலமோ கண்டால் கொட்டிவிட வேண்டியதுதான். அடுத்து நாலு கப் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, புளித்ததை ஊற்றி, அரை மணி நேரம் கிளறி வேகவைத்து, முழுக்க ஆறவிடணும். ஆறிய பிறகுதான் அமாசி சேர்ப்பது. இது ஜூலு வீடுகளின் புளிப்புப் பால். அந்தக் காலத்தில் சுரைக்குடுக்கையில் ஊற்றி உறையவைப்பார்களாம், இப்போது கடையில் பாட்டிலில் கிடைக்கிறது. நம் ஊரில் கெட்டித் தயிரைக் கடைந்து ஊற்றினால் போதும். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு. ஜூலு வீடுகளில் இதே புளித்த மாவில் 'இங்க்வாங்க்வா' என்று கஞ்சி காய்ச்சுகிறார்கள், சர்க்கரை போட்டு. எங்கள் பக்கத்து வீட்டம்மா பிள்ளைகளுக்கு அதைத்தான் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்புகிறார். அவர் கையால் 'உபுத்து'வும் செய்து தருவார். தண்ணீர் குறைத்துப் போட்டு, இரட்டை முள் கரண்டியால் கிளறிக் கிளறி உதிரி உதிரியாக எடுப்பது. அதில் அமாசி ஊற்றினால் காலைச் சாப்பாடு, கருவாட்டுச் சட்னியோ பீன்ஸ் குழம்போ என்றால் மதியம். சட்டியடியில் முறுகிப் பிடித்திருக்கும் காந்தலுக்கு எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் போட்டி போடும். ஜூலுவில் அதற்கு 'இசிகோகோ' என்று தனிப் பெயரே உண்டு.

மானாவாரி

இதையெல்லாம் படித்த பிறகு, எங்கள் வீட்டு மூட்டையிலிருந்து பத்துப் படி எடுத்து இரண்டு வெயில் காயவைத்திருக்கிறேன். நாளைக்கு மில்லுக்கு. எங்கள் அம்மா 'கோழிக்குப் போடுவதையா?' என்று கேட்டார்கள். டர்பனில் நம் ஆட்கள் நூற்றைம்பது வருசத்துக்கு மேலாகச் சாப்பிடுகிறார்கள் என்று இந்த இழையை வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, 'எத்தனை பேரு போனாங்களாம்?' என்று கேட்டார்கள். கடலோரக்காரி அக்கா எழுதிய எண்ணைச் சொன்னேன்.

பாலாற்றங்கரை

உஜித் தம்பி சொன்னபடி கேழ்வரகும் மக்கா ரவையும் பாதிக்குப் பாதி போட்டு, தயிர் கடைந்து ஊற்றிக் குடித்தோம். நன்றாகவே இருந்தது. மக்காச்சோளம் கொஞ்சம் இனிப்பைத் தருகிறது, கேழ்வரகின் துவர்ப்பு அடங்குகிறது. என் வீட்டுக்காரிக்குப் பிடித்துவிட்டது. காலையில் இனி இதுதான் என்கிறாள். அம்மனுக்கு மட்டும் முழுக் கேழ்வரகு.

ஒரு சந்தேகம். என் மகள் ஊட்டியில் இருக்கிறாள். அங்கே மாவு புளிக்கவே மாட்டேன் என்கிறதாம். மூன்று நாள் ஆகியும் வெறும் தண்ணீராக நிற்கிறது.

கடலோரக்காரி

ஐயா, ஊட்டிக் குளிருக்கு வெறும் வெதுவெதுப்பு போதாது. மாவைக் கரைக்கும்போதே இரண்டு கரண்டி புளித்த மோர் விடச் சொல்லுங்கள். சட்டியைப் போர்வையில் சுற்றி, சூடேற்றாத, மூடிய அடுப்புப் பெட்டிக்குள் (ஓவன்) ஒரு சொம்பு வெந்நீரோடு வைத்து, காலையும் இரவும் வெந்நீரை மாற்றினால் இரண்டாம் நாள் நுரை வரும். இப்போது மூன்று நாள் நின்ற கரைசலைப் பயன்படுத்த வேண்டாம். புளிக்காமல் நின்றதென்றால் அதைக் காக்கும் புளிப்பு அதில் ஏறவில்லை. கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கட்டும். முதல் தடவை புளித்ததில் ஒரு கரண்டி எடுத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்துக்கொண்டால் அடுத்த முறைக்கு இந்தச் சிரமம் இருக்காது.